ஓடுபவனுக்கு எறிந்த பந்து

என் மகன் எறிந்த பந்துகள் போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை. எல்லாப் பந்துகளையும் சொல்லவில்லை. சில நாள்களில் கையால் கொண்டுபோய்க் கொடுத்ததுபோல அடுத்தவனின் நெஞ்சிலே போய்ச் சேரும். வேறு சில நாள்களில் ஆளே இல்லாத புல்லில் விழுந்து உருளும். இரண்டையும் எறிந்தது ஒரே கை. அதுதான் எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. எறியவே தெரியாதவன் என்றால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். தெரிந்தவன் ஏன் பிழைவிடுகிறான் என்று ஒரு கோடைகாலம் முழுவதும் அவனைக் கேட்டுக் கேட்டு அரித்தேன்.

நாங்கள் ஜெர்மனியில் நியூர்ன்பெர்க்கில் இருக்கிறோம். கணவர் டிராம் ஓட்டுகிறார். நான் முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு உதவியாளராக வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலையில் நான்காம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். எங்களுக்கு ஒரே பிள்ளை. அவன் எர்லாங்கனில் இயந்திரவியல் படிக்கச் சேர்ந்தபோது அங்கே அறை எடுக்கவில்லை. ரயிலில் இருபது நிமிடம்தானே என்று வீட்டிலிருந்தே போய் வந்தான். அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

இரண்டாம் வருடத்தில் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னான்.

“அம்மா, நான் யூனிவர்சிட்டியில அமெரிக்கன் ஃபுட்பால் விளையாடுறன்.”

“ஆளை ஆள் இடிச்சு விழுத்துற விளையாட்டோ?”

“ஓம். ஆனா என்னை விழுத்த விடாம அஞ்சு பேர் முன்னுக்கு நிப்பினம். நான் குவாட்டர்பேக்.”

“அதென்ன?”

“பந்தை எறியிற ஆள்.”

கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எலும்பு முறிந்தால் யார் பார்ப்பது, சோதனை எழுதும் கை என்ன ஆவது என்று கத்தினேன். அவன் மேசையில் இருந்த கரண்டிகளை வரிசையாக அடுக்கினான். அவற்றுக்குப் பின்னால் சம்பல் கிண்ணத்தை வைத்து, “இதுதான் நான்” என்றான். ஓரத்தில் ஒரு முள்ளுக்கரண்டியை வைத்து, “இவன் ஓடுவான். நான் அவன் நிக்கிற இடத்துக்கு எறியிறேல்லை அம்மா. அவன் போய்ச் சேரப்போற இடத்துக்கு எறியவேணும். நான் எறியேக்க அங்க ஒருத்தரும் இருக்கமாட்டினம். பந்து போய்ச் சேரேக்க அவன் வந்திருப்பான்” என்றான்.

அப்படியொரு விளையாட்டு இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கைப்பந்து விளையாடியவன். தோளில் பலம் இருந்தது. முதல் வருடம் மாற்று ஆளாக வாங்கில் உட்கார்ந்தான். அடுத்த வருடம் அவனுக்கு முன்னால் இருந்தவன் படிப்பை முடித்துப் போக, இடம் அவனுக்கு வந்தது.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவருக்கு வேலை நாள் என்பதால், நான் தனியே போனேன். நல்ல குளிர். இருநூறு பேர்கூட இல்லாத சின்ன மைதானம். யார் என் பிள்ளை என்றே தெரியவில்லை. எல்லாரும் தலைக்கவசத்துக்குள் ஒரே மாதிரி இருந்தார்கள். பிறகு ஒருவன் இரண்டு அடி பின்னால் வைத்து, தோளைத் திருப்பி, கையை உயர்த்தினான். அந்தத் தோளை எனக்குத் தெரியும். பந்து சுழன்றுகொண்டு நீளமாகப் போனது. அது விழப்போன இடத்தில் யாருமே இல்லை. ஐயோ என்று நான் வாய் திறப்பதற்குள் ஒரு பிள்ளை ஓடிவந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், இரண்டு கையையும் நீட்டினான். பந்து அந்தக் கைகளுக்குள் போய் இருந்தது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்த ஜெர்மன்காரப் பெண் என்னைக் கட்டிப்பிடித்தார். பிடித்தது அவருடைய மகன்.

அந்தப் பெண் தபால் விநியோகிக்கும் வேலை செய்பவர். என் வயதுதான் இருக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அவர் போத்தலில் கோப்பி கொண்டுவருவார். நான் மரக்கறி ரோல்ஸ் கொண்டுபோவேன். வெளியூர் ஆட்டங்களுக்கு அவருடைய காரிலேயே என்னையும் ஏற்றிப் போவார். இந்த நாட்டுக்கு வந்து இருபத்தைந்து வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் ஜெர்மன் சிநேகிதி என்று அவரைச் சொல்லலாம்.

விளையாட்டைப் படிக்கத் தொடங்கினேன். வேலைக்குப் போகும் டிராமில் கைபேசியில் விளக்கப் படங்கள் பார்த்தேன். ஒரு கொப்பி வாங்கினேன். அவன் எறியும் ஒவ்வொரு பந்துக்கும் அதில் ஒரு வரி. சரியாகப் போனால் சரி, பிழைத்தால் பிழை. பக்கத்தில் ஒரு சிறு குறிப்பு. வகுப்பில் பிள்ளைகளின் கொப்பி திருத்தித் திருத்திப் பழகிய கை. சிவப்புப் பேனாவால்தான் எழுதினேன்.

மே மாதம் முடியும்வரை சரிகள்தான் கூட. அதற்குப் பிறகு பிழைகள் வரத் தொடங்கின.

ஒரு ஆட்டத்தின் முதல் பாதியில் எல்லாம் நன்றாகப் போகும். இடைவேளை முடிந்து வந்தால் வேறு யாரோ எறிவதுபோல இருக்கும். பந்து ஓடுபவனுக்குப் பின்னால் போகும். அல்லது தலைக்கு மேலே. தபால்காரச் சிநேகிதியின் மகன் சொன்ன இடத்துக்குச் சொன்னபடி ஓடுவான், திரும்புவான், கையை நீட்டுவான். பந்து மூன்று அடி தள்ளி விழும். அவன் ஒருநாளும் கையை விரித்துக் குறை காட்டியதில்லை. எழும்பி, காற்சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, திரும்பவும் வரிசைக்கு வருவான். அவனுடைய தாயார் “ஆ...” என்று ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சு எனக்கு ஊசியாகக் குத்தும். அவருடைய பிள்ளை ஒழுங்காகத் தன் வேலையைச் செய்கிறான், என் பிள்ளை அதைக் கெடுக்கிறான் என்று எனக்கு வெட்கமாக இருக்கும்.

இருந்த இடத்திலிருந்தே கத்துவேன். “பாத்து எறியடா! கண்ணைத் திறந்து பார்!” இங்கே யாருக்குத் தமிழ் விளங்கப்போகிறது என்ற துணிவு. அவனுக்கு விளங்கும் என்பதை நான் யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் கொப்பியை விரிப்பேன்.

“இரண்டாம் பாதியில எத்தினை பிழை எண்டு பாத்தியே?”

“காத்து மாறி அடிச்சது அம்மா.”

“மற்றப் பக்கத்துப் பிள்ளைக்கும் அதே காத்துத்தானே?”

“கை வேர்த்து வழுக்கினது.”

“போன கிழமையும் அதைத்தான் சொன்னனீ. உனக்கு முதல் பாதியோட காணும் எண்டு நினைப்பு. கவனம் இல்லை.”

“ஓம் அம்மா” என்பான். எழும்பிப் போய்க் குளிர்ந்த தண்ணீரில் நெடுநேரம் குளிப்பான்.

பயிற்சியாளரும் குழம்பிப்போனார். கைவீச்சைப் படம்பிடித்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. “கையில் பிரச்சினை இல்லை, தலையில்தான் பிரச்சினை” என்று ஒருநாள் எங்கள் முன்னால் சொன்னார். துணிவில்லை, நெருக்கடியில் நடுங்குகிறான் என்பது அவர் கருத்து. நானும் தலையாட்டினேன்.

இப்போது நினைத்தால் கண்ணுக்கு முன்னால் எவ்வளவு இருந்தது! இடைவேளையில் மற்றப் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க, இவன் போத்தலைத் தலையில் கவிழ்ப்பான். ஐஸ் பையைக் கழுத்தில் வைத்துக்கொண்டு, துவாயால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வீட்டில் தொலைக்காட்சி பார்க்கும்போது இடக்கண்ணைச் சுருக்குவான். “ஏன்டா கிழவன் மாதிரிக் கண்ணைச் சுருக்குறாய்?” என்று அதற்கும் ஏசியிருக்கிறேன். என் வேலை என்ன? முதியோர் இல்லத்தில் ஒருவர் தேநீர்க் கோப்பையை எடுக்கக் கை நீட்டி இரண்டு விரல் தள்ளித் தடவினால், அன்று பின்னேரமே குறிப்பேட்டில் எழுதி, வைத்தியருக்குச் சொல்லுகிறவள் நான். அந்நியருடைய கண்ணைக் கவனித்தேன். சொந்தப் பிள்ளை எறிந்த பந்தைத்தான் கவனித்தேன்.

ஜூலையில் ஒரு ஞாயிறு. காலையிலேயே வெயில் கொதித்தது. வாங்குப் பலகை சுட்டது. சிநேகிதி தன் மழைக்கோட்டை மடித்து இரண்டு பேருக்கும் கீழே போட்டார். முதல் பாதியில் எங்கள் பிள்ளைகள் முன்னுக்கு நின்றார்கள். இரண்டாம் பாதியில் வழக்கம்போல் பிழைகள் தொடங்கின. மூன்று பந்து அடுத்தடுத்துப் புல்லில் விழுந்தது. நான் கத்தினேன். அவன் ஒருமுறை எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

அடுத்த பந்து. சிநேகிதியின் மகன் இடமிருந்து வலமாக, மைதானத்தின் நடுவால் குறுக்கே ஓடினான். நெஞ்சுக்கு வரவேண்டிய பந்து தலைக்கு மேலே வந்தது. அவன் அதை விடவில்லை. முழு உடம்பையும் நீட்டி எழும்பினான். கால் இரண்டும் நிலத்தில் இல்லாத அந்த நேரத்தில் எதிரணிக்காரன் ஒருவன் ஓடிவந்த வேகத்திலேயே தோளால் மோதினான். அதில் பிழை சொல்ல முடியாது, விளையாட்டு அப்படித்தான். பிள்ளை தோள் நிலத்தில் படக் கீழே விழுந்தான். எழும்பவில்லை.

சிநேகிதி கோப்பிக் கோப்பையைக் கீழே போட்டுவிட்டுத் தடுப்புக் கம்பியைத் தாண்டி ஓடினார். நான் இருந்த இடத்தில் இருந்தேன். போகவேண்டுமா, போனால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. என் மகன் அவனுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தான். தலைக்கவசத்தைக் கழற்றவே இல்லை. அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. காறை எலும்பு முறிந்து, மூட்டும் விலகியிருந்தது. சத்திரசிகிச்சை வேண்டும் என்று பின்னர் தெரியவந்தது. சிநேகிதி என்னைக் கடந்து போனபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும் ரயிலில் என் மகனுக்கு எதிரே இருந்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தான். நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

“உன்ர கவனயீனத்தால இண்டைக்கு ஒரு பிள்ளை முறிஞ்சுபோய்க் கிடக்குது. அந்தத் தாயின்ர முகத்தில நான் இனி எப்பிடி முழிக்கிறது?”

பெட்டியில் ஆட்கள் இருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னும் சொன்னேன். உனக்கு விளையாட்டு, அவனுக்கு எலும்பு. இனிமேல் பந்தைத் தொடாதே. எறியத் தெரியாவிட்டால் எறியத் தெரிந்தவனுக்கு இடத்தை விடு. அப்படி எல்லாம் சொன்னேன். வீட்டு ஸ்டேஷன் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் வேலை முடிந்து வந்தபோது அவன் குசினி மேசையில் இருந்தான். விரிவுரைக்குப் போகவில்லை. முன்னால் ஜாம் போத்தலின் சிவப்பு மூடி கிடந்தது.

“அம்மா, இது என்ன நிறம்?”

“என்ன கேள்வி இது? சிவப்பு.”

அவன் ஒரு கையால் இடக்கண்ணை மூடினான். “இப்ப சிவப்பு.” பிறகு கையை மாற்றி வலக்கண்ணை மூடினான். “இப்ப பழைய செங்கல் மாதிரிக் கிடக்கு. மங்கல்.”

நான் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே உட்கார்ந்தேன்.

அவன் தலை குனிந்தபடி சொன்னான். ஜனவரியில், சோதனைக் காலத்தில், இடக்கண்ணுக்குப் பின்னால் ஒரு நோவு வந்திருக்கிறது. கண்ணை அசைத்தால் நோகும். இரண்டு கிழமை அந்தக் கண்ணில் எல்லாம் புகைபோலத் தெரிந்திருக்கிறது. கணினியைப் பார்த்துப் பார்த்து வந்தது என்று நினைத்து விட்டுவிட்டான். தானாகவே தெளிந்தது. ஆனால் முழுதாகத் தெளியவில்லை. வெயில் வந்த பிறகு ஓடி உடம்பு சூடானால் அந்தக் கண் மறுபடி புகைந்துபோகும். குளிர்ந்த தண்ணீர் பட்டு ஆறினால் திரும்பி வரும்.

“ஏன்டா சொல்லேல்லை?”

“சொன்னா விளையாட்டை நிப்பாட்டியிருப்பீங்கள்.”

“நிப்பாட்டித்தான் இருப்பன்!”

“அதுதான் சொல்லேல்லை.” கொஞ்ச நேரம் மூடியை விரலால் சுற்றினான். “அண்டைக்கு அவன் ஓடினது எனக்கு வடிவாத் தெரியேல்லை அம்மா. தெரியேல்லை எண்டு தெரிஞ்சுகொண்டுதான் எறிஞ்சனான்.”

அவன் அழுதான். பதினைந்து வயதுக்குப் பிறகு அவன் அழுது நான் பார்த்ததில்லை. நான் அவன் தலையைப் பிடித்து என் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். தோளில் கைப்பை தொங்கிக்கொண்டே இருந்தது.

அதன் பிறகு எல்லாம் டெர்மின், டெர்மின் என்று வைத்தியர்களிடம் நேரம் எடுப்பதிலேயே போனது. கண் வைத்தியர் பார்த்துவிட்டு உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். தலையை ஸ்கான் செய்தார்கள். முதுகெலும்பிலிருந்து நீர் எடுத்தார்கள். கண்ணின் நரம்பு வீங்கி, அதன் மேலுறை சிதைந்திருக்கிறது என்றார்கள். மூளையிலும் சில இடங்களில் தழும்பு இருந்தது. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ். அந்த நோயோடு எங்கள் இல்லத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேரையும் நான் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளியிருக்கிறேன். வைத்தியர் அந்தப் பெயரைச் சொன்னதும் எனக்கு அந்த நாற்காலிகள்தான் தெரிந்தன.

நரம்பியல் வைத்தியர் ஒரு இளம் பெண். பொறுமையாக விளங்கப்படுத்தினார். எல்லாருக்கும் நாற்காலி வருவதில்லை, இப்போது நல்ல மருந்துகள் இருக்கின்றன என்று முதலில் சொன்னார். பிறகு கண்ணைப் பற்றிச் சொன்னார். இரண்டு கண்ணும் ஒரே காட்சியைத்தான் பார்க்கின்றன. ஆனால் இடக்கண் அனுப்பும் செய்தி நரம்பில் தாமதித்து, வலக்கண்ணுடையதைவிட ஒரு கணம் பிந்தி மூளைக்குப் போகிறது. நிற்கிற பொருளைப் பார்ப்பதில் அது பெரிய வித்தியாசம் செய்யாது. குறுக்கே ஓடுகிற பொருள் என்றால், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மூளை பிழையாகக் கணிக்கும். உடம்பு சூடானால் இன்னும் மோசம்.

எனக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும். ஆனாலும் அதை மூன்று முறை திரும்பச் சொல்லச் சொன்னேன். மூன்றாம் முறை மகன் என் கையைத் தொட்டு, “காணும் அம்மா, எனக்கு விளங்கீட்டுது” என்றான்.

அடுத்து வந்த ஞாயிறு காலையில் கொப்பியை எடுத்தேன். ஆட்டம் இல்லாத ஞாயிறு; வீட்டில் எல்லாரும் இருந்தோம். பக்கம் பக்கமாகப் பார்த்தேன். நின்றவனுக்கு எறிந்தது, சரி. நின்றவனுக்கு எறிந்தது, சரி. நேரே போனவனுக்கு எறிந்தது, சரி. குறுக்கே ஓடியவனுக்கு, இரண்டாம் பாதி, பிழை. குறுக்கே, பிழை. வெயில் நாள், பிழை. எல்லாம் என் கையெழுத்தில், வரிசையாக, தேதி போட்டு இருந்தது. பக்கத்தில் நான் எழுதிய குறிப்புகளும் இருந்தன. ‘அவசரம்.’ ‘கவனமில்லை.’ ‘எருமை.’ ஓரிடத்தில் இரண்டு கோடு இழுத்து, ‘கண் எங்கே?’ என்று எழுதியிருந்தேன்.

கணவர் பின்னால் வந்து நின்று வாசித்தார். அவர் அதிகம் கதைக்காதவர்.

“நீர் எழுதினதில பிழை ஒண்டும் இல்லையே” என்றார். “நாங்கள் விளங்கிக்கொண்டதுதான் பிழை.”

அவர் ‘நாங்கள்’ என்று சொன்னார். அவர் ஒரு ஆட்டமும் முழுதாகப் பார்த்ததில்லை. ஒரு நாளும் ஏசியதில்லை. என்னைத் தனியே விடக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னார்.

சிநேகிதியின் மகன் மருத்துவமனையிலிருந்து வீடு வந்ததும், தான் போய்ச் சொல்லவேண்டும் என்று என் மகன் பிடிவாதமாக நின்றான். நானும் வருகிறேன் என்றேன். அவர்கள் வீடு எர்லாங்கனுக்கு வெளியே ஒரு கிராமத்தில். பஸ்ஸில் போனோம். நான் வழக்கம்போல் ரோல்ஸ் செய்து எடுத்துப் போயிருந்தேன். வாசலில் நின்றபோதே அது சரியில்லாத காரியம் என்று தோன்றியது. பையைக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

தோளைக் கட்டிய நிலையில் அந்தப் பிள்ளை சோபாவில் இருந்தான். என் மகனைக் கண்டதும் சிரித்தான். என் மகன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான்: நோயின் பெயர், கண், வெயில், மறைத்தது. சிநேகிதி கதவோரம் நின்று கேட்டார்.

“உனக்கு எப்போதிலிருந்து தெரியும்?” என்று கேட்டார்.

“ஜனவரியிலிருந்து.”

“அப்படியென்றால் என் மகன் உனக்காக ஒவ்வொரு ஞாயிறும் எழும்பிப் பாய்ந்தபோது, உனக்கு ஒழுங்காகத் தெரியவில்லை என்பது உனக்குத் தெரியும்.”

“ஆமாம்.”

“அம்மா, விடுங்கள். அவனுக்கு நோய்” என்றான் அந்தப் பிள்ளை.

“நோய் என்பது வேறு. அதைச் சொல்லாமல் விட்டது வேறு” என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை.

எனக்கு என் மகனைக் காப்பாற்றி ஏதாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. ஆனால் அவர் சொன்னதில் தவறில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நாங்கள் புறப்பட்டபோது அவர் வாசல்வரை வந்தார். என் கையைப் பிடித்து, “உங்கள் பிள்ளைக்குச் சுகம் வரவேண்டும்” என்றார். மனதாரத்தான் சொன்னார். ஆனால் அதன் பிறகு அவர் எனக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அவருடைய மகன் அடுத்த வருடம் மீண்டும் விளையாடத் தொடங்கினான் என்று கேள்விப்பட்டேன். பிறந்தநாளுக்கு என் மகனுக்கு இன்னமும் செய்தி அனுப்புகிறான். முன்பு போல் சந்திப்பதில்லை.

என் மகன் அணியிலிருந்து தானாகவே விலகினான். பயிற்சியாளர் வீட்டுக்கு வந்து, தலையில் பிரச்சினை என்று தான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டார். “நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்கள்” என்று மகன் சொல்லிச் சிரித்தான். அந்த மனிதருக்குச் சிரிப்பதா என்ன செய்வதென்று தெரியவில்லை. தேநீரை அரைவாசியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் மன்னிப்புக் கேட்க மூன்று மாதமானது. தாய் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. எந்தச் சொல்லில் தொடங்குவது என்றே தெரியாது. ஒருநாள் அவன் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

“ரயிலில நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது.”

அவன் மடிப்பதை நிறுத்தவில்லை. “நீங்கள் சொன்னது பிழையில்லை அம்மா. பந்து பிழையாத்தானே போனது.”

“உனக்குத் தெரியேல்லை எண்டு எனக்குத் தெரியாமப் போச்சு.”

“நான்தானே மறைச்சனான்.”

“மைதானத்தில நான் கத்தினதெல்லாம் உனக்குக் கேட்டதோ?”

அவன் ஒரு சட்டையை இரண்டு முறை மடித்தான். “கேட்டது” என்றான். பிறகு, “முழு மைதானத்திலயும் எனக்கு மட்டும் விளங்கின சத்தம் உங்கட சத்தம்தான்” என்றான். அதை அவன் குறையாகச் சொன்னானா, அன்பாகச் சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கத் துணிவும் வரவில்லை.

கோவிலிலும் தமிழ்ப் பாடசாலையிலும் ஆட்கள் விசாரித்தால், கண்ணில் சின்னக் கரைச்சல் என்று மட்டும் சொன்னேன். விளையாட்டில் அடிபட்டதாலோ என்று கேட்டார்கள். இல்லை என்றேன். ஒரு அக்கா மட்டும், “பெடியனுக்குக் கலியாணம் பேசேக்க இதைச் சொல்லவேண்டாம்” என்று காதோடு சொன்னார். மறைத்து ஒரு பிள்ளையின் தோள் முறிந்தது போதும் என்று நினைத்தேன். ஆனால் வாயால் சொன்னது, “பாப்பம் அக்கா.”

படிப்பை ஒரு அரையாண்டு பிந்தி முடித்தான். இடையில் ஒருமுறை இடக்காலில் உணர்ச்சி குறைந்து, பத்து நாள் மருத்துவமனையில் இருந்தான். அது பெரும்பாலும் சரிவந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி வழியாக மருந்து ஏற்றுகிறார்கள். வீதியில் போவதற்கு ஒரு கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். நல்ல கண்ணுக்கு முன்னால் உள்ள பக்கம் மட்டும் கொஞ்சம் கறுப்பு. நல்ல கண்ணையும் சற்றுத் தாமதிக்க வைத்து, இரண்டையும் சமப்படுத்துவதற்காம். நல்லதைக் குறைத்துத்தான் மற்றதோடு சேர்க்க முடியும் என்றார் வைத்தியர். சனங்கள் பார்க்கிறார்கள் என்று அவன் அதை அதிகம் போடுவதில்லை.

போன ஆனியில் அவனுக்கு டிரெஸ்டனில் வேலை கிடைத்தது. இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் வடிவமைக்கும் ஒரு சிறு நிறுவனம். நோயைப் பற்றி நேர்முகத்தின்போதே சொல்லிவிட்டான். “கேக்க முதலே சொல்லிப்போட்டன் அம்மா” என்று தொலைபேசியில் சொன்னபோது குரலில் ஒரு பெருமை இருந்தது. அங்கே அறை எடுத்தாகிவிட்டது. நானும் கணவரும் நியூர்ன்பெர்க் ஸ்டேஷனுக்குப் போய் வழியனுப்பினோம்.

வெயில் நாள். மேடையில் நிறையச் சனம். ரயில் வரும் அறிவிப்புக் கேட்டதும் எல்லாரும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு விளிம்பை நோக்கி நகர்ந்தார்கள். எஞ்சின் உள்ளே வந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாக எங்களைக் கடந்து போயின. ஆட்கள் கதவுகளோடு சேர்ந்து நடந்தார்கள். அவன் மட்டும் பின்னால், கம்பத்துக்குப் பக்கத்தில், பையின் கைபிடியைப் பிடித்தபடி நின்றான்.

“இடம் போயிடுமடா, முன்னுக்குப் போ” என்று சொல்ல வாய் எடுத்தேன். கணவர் என் முழங்கையைத் தொட்டார்.

ரயில் முழுதாக நின்றது. கதவுகள் திறந்தன. அதற்குப் பிறகுதான் அவன் கால் எடுத்து வைத்தான்.